மூன்று அடுக்கு வலையும் டிலோஜினியின் எண்ணும்

மன்னார் நகரத்தில் மீன்சந்தைக்குப் பின்னால் இருந்த மாடி வீட்டுக் கந்தோரில் என் தங்கை டிலோஜினியை எல்லோரும் "கணக்குப்பிள்ளை" என்றுதான் கூப்பிட்டார்கள். அன்பினால் அல்ல. அலையில் இருந்து மின்சாரம் எடுக்கும் பரிசோதனை ஒன்றுக்காக 2013 சித்திரையில் திறந்த கந்தோர் அது. ஆறு பேர் வேலை செய்தார்கள். ஐந்து பேர் பொறியியல் படித்தவர்கள். இவள் கணிதம் மட்டும் படித்தவள், கீரி என்ற கரையூரில் மீன்பிடிக்கிறவரின் மகள், முகாமில் இருந்து வந்தவள். அவளுக்குக் கொடுத்த கதிரைக்கு ஒரு கை இல்லை. பத்து மாதமும் அதிலேதான் இருந்தாள். மாற்றித் தரச் சொல்லி அவள் கேட்கவில்லை. கேட்காமலே மாற்றிக் கொடுக்க அங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை.

நான் மாக்கிறட், அவளுக்கு ஏழு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு வலை பொத்தப் போனவள். நான் பொத்திய வலையில் ஒரு கண் பிசகியது என்று இன்றுவரை யாரும் திருப்பிக் கொண்டு வந்ததில்லை. இங்கே நான் எழுதும் திகதியும் அளவும் அப்படித்தான், பிசகாது. தை என்றால் எங்களுக்கு ஜனவரி, மார்கழி என்றால் டிசம்பர்.

டிலோஜினி பிறந்தது 1987 ஆவணி 14. மூன்று வயதில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, சண்டைக்குத் தப்பி மடு மாதா கோயிலுக்குப் போனோம். அதற்குப் பிறகு வன்னியில் ஒன்பது இடம் மாறினோம். மல்லாவியில் அவள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்த விடை ஒன்று பிழை என்று சொன்னாள். ஆசிரியை அவளை இரண்டு பாடவேளை வெளியே நிறுத்தினார். மன்னிப்புக் கேள் என்று வீட்டில் நானும் அடித்தேன். கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஆசிரியை தானே அந்தக் கணக்கைச் செய்து பார்த்துவிட்டு "உள்ளுக்கு வா" என்று மட்டும் சொன்னாராம். பிழை என்று ஒப்புக்கொள்ளவில்லை. டிலோஜினி உள்ளே போகவும் இல்லை. "முதல்ல பிழை எண்டு சொல்லுங்கோ" என்று நின்றாளாம். இப்படிப்பட்டவளோடு ஒரு வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை.

2009 சித்திரையில் அம்மாவைப் பறிகொடுத்தோம். அதைப் பற்றி நான் இங்கே எழுத மாட்டேன். அந்த வருடக் கடைசியில் முகாமில் இருந்தே அவள் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். 2010 ஆடி 6ஆம் திகதி நானும் எங்கள் தகப்பன் ஐயாவும் பன்னிரண்டு தகரத்தோடு கீரியில் எங்கள் காணிக்குத் திரும்பினோம். கிணற்றைத் தவிர அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை. அவள் பட்டத்தோடு வந்தபோது வீட்டுக்குச் சுவர் இருந்தது, யன்னல் இல்லை.

இனி, அவள் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் அவளுக்கு நடந்த அநியாயமும் தெரியாது.

கடலில் விட இருந்த பொறி பார்வைக்குப் பெரிய காளான் போல இருக்கும். மேலே மிதவை. அதன் அடியில் ஆறடி இரும்புக் குழாய். குழாயின் கீழ் முனையில் மூன்றடி அகலமான வட்ட இரும்புத் தட்டு. அலை வரும்போது எல்லாம் ஒன்றாக ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் உள்ளே ஒரு தண்டு ஓடி மின்சாரம் எடுக்கும். கீழே இருக்கும் தட்டு தண்ணீரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடி சரியாக இருந்தால் மிதவை அளவோடு ஆடும். பிடி தளர்ந்தால் அளவுக்கு மீறித் துள்ளி, உள்ளே ஓடும் தண்டை உடைத்துவிடும். இது உண்மையான பொறியின் சிறிய மாதிரி. சின்ன மாதிரிக்குச் சின்ன அலை போதும் என்றபடியால்தான், வாடைக் காலத்துக் கீரிக் கடலைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

தட்டைத் தண்ணீர் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்பதை ஒரே ஓர் எண்ணாகச் சொல்வதுதான் டிலோஜினியின் வேலை. அதை இழுவை எண் என்பார்கள். கணினிக்குள் கடல் தண்ணீரை வலை மாதிரிக் கண் கண்ணாகப் பிரித்து, ஒவ்வொரு கண்ணிலும் தண்ணீர் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகிறது என்று கணக்குப் பார்ப்பாள். தட்டின் விளிம்புக்குப் பக்கத்தில் கண் மிகச் சிறிதாக இருக்க வேண்டும், தள்ளிப் போகப் போகப் பெரிதாக இருக்கலாம் என்று சொன்னாள். எந்த மீனுக்கு எந்தக் கண் என்று தெரிந்த எனக்கு அது உடனே விளங்கியது. கந்தோரில் இருந்தவர்களுக்குத்தான் விளங்கவில்லை. நாலு மாதம் கணக்குப் பார்த்து அவள் கண்டுபிடித்த எண் ஐந்து தசம் இரண்டு.

கந்தோருக்குத் தலைமை தில்லைநாதன் என்ற பொறியியலாளர். முப்பது வருடம் படிப்பித்தவர். எல்லோருக்கும் "தில்லைநாதன் சேர்". அவர் அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாராம்.

"ஐந்து தசம் இரண்டோ? பிள்ளை, நான் என்ர காலத்தில இரண்டரைக்கு மேல காணேல்லை."

"நீங்கள் கண்டது ஓடுற தண்ணிக்கு, சேர். இது ஏறி இறங்கிற தட்டு. விளிம்பு கூர். எண் கூடத்தான் வரும்."

"எனக்கு நீர் படிப்பிக்க வேண்டாம்."

"படிப்பிக்கேல்லை, சேர். நீங்கள் கேட்டனீங்கள்."

மற்றவர்கள் சிரித்தார்களாம். அவருக்கு அது மறக்கவில்லை. ஆனால் பணம் தரும் வெளிநாட்டுக் குழு அவளுடைய கணக்கை வாங்கிப் பார்த்துச் சரி என்று எழுதிவிட்டது. தண்டின் நீளத்தை அவளுடைய எண்ணை வைத்தே வெட்டினார்கள். தில்லைநாதன் சேர் வாயை மூடிக்கொண்டார். வாயை மட்டும்தான்.

மார்கழி 3ஆம் திகதி அவளைக் கொழும்புக்கு அனுப்பினார்கள், பெரிய கணினியில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுக்காக. ஒன்பது நாள். அந்த இடைவெளியில் பொறியைக் கீரிக் கரைக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். படகும் ஆட்களும் எங்கள் மீன்பிடிச் சங்கத் தலைவர் வின்சன்டுடையவை. அவர் தட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். விரலில் இரத்தம்.

"இதைக் கடலுக்க விட ஏலாது," என்றார்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கூர் விளிம்பு உள்ள இரும்பு எதுவும் சுற்றாமல் கடலுக்குள் இறங்காது. நங்கூரம் என்றாலும் மீன்கூட்டின் இரும்புச் சட்டம் என்றாலும் பழைய வலையால் சுற்றித் தைத்துத்தான் இறக்குவோம். போருக்குப் பிறகு கடலுக்கடியில் எங்கே எந்த இரும்பு கிடக்கிறது என்று தெரியாமல் எத்தனையோ பேர் வலையை இழந்தார்கள். திரும்பி வந்து புதிதாக வாங்கிய வலை அது. ஆகவே அந்த விஷயத்தில் வின்சன்ட் அண்ணை சொன்னதில் பிழை இல்லை. தில்லைநாதன் சேர், "சுத்துங்கோவன், அதில என்ன" என்றார். சுற்றித் தைக்கக் கூப்பிட்டது என்னை.

மார்கழி 6, 7 இரண்டு நாளும் தைத்தேன். பழைய நைலோன் வலையை மூன்று அடுக்காக மடித்து விளிம்பைச் சுற்றி, மேலே கயிறு ஓட்டி, ஓர் அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. மொத்தம் நூற்றுப் பதின்மூன்று முடிச்சு. கையை வைத்துத் தடவினால் குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. தில்லைநாதன் சேர் குனிந்து பார்த்தார். "அக்கா, மெஷின் தைச்ச மாதிரி இருக்கு," என்றார். தன் பெருவிரலைப் பக்கத்தில் வைத்து, சுற்றின் தடிப்புத் தெரியும்படி கைத்தொலைபேசியில் படமும் எடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

10ஆம் திகதி பொறியை விட்டார்கள். இரண்டு நாளுக்குப் பிறகு டிலோஜினி வந்தபோது, கடலுக்கு மேலே மஞ்சள் மிதவை மட்டும்தான் தெரிந்தது.

அது ஆடிய ஆட்டம் அவள் சொன்ன மாதிரி இல்லை. அளவுக்கு மீறித் துள்ளியது. ஒவ்வொரு நாளும் கந்தோரில் அந்த அளவை வாசித்துச் சிரித்தார்கள். மார்கழி 29, ஞாயிற்றுக்கிழமை, வாடை பலமாக வீசியபோது உள்ளே தண்டு முறிந்தது. வின்சன்டின் ஆட்கள் பொறியை இழுத்து வந்து கரையில் போட்டு, தார்ப்பாயால் மூடிக் கட்டினார்கள். தில்லைநாதன் சேர் கடலில் எடுத்த அளவில் இருந்து திருப்பிக் கணக்குப் பார்த்தார். இழுவை எண் இரண்டு தசம் ஆறு என்று வந்தது.

"நான் என்ன சொன்னனான்?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். "நீர் கணினியில விளையாடினீர். கடல் விளையாடாது."

தை 17ஆம் திகதி அறிக்கையின் முதல் பிரதி வந்தது. பொறி உடைந்ததற்குக் காரணம், உள்ளூர் உதவியாளர் செய்த இழுவைக் கணக்கின் பிழை என்று எழுதியிருந்தது. அது பணம் தந்த குழுவுக்குப் போகும். இந்தத் துறையில் வேலை செய்கிற எல்லோரும் வாசிப்பார்கள். அதோடு அவளுடைய படிப்பு, பெயர் எல்லாம் முடிந்த மாதிரி. மாசி 15க்கு முன்னால் மறுப்பு இருந்தால் எழுதித் தரலாம் என்று ஒரு வரி. அவளால் என்ன எழுத முடியும் என்று அவர்களுக்குத் தெரியும்தானே?

அவள் கணக்கை முதலில் இருந்து திருப்பிச் செய்தாள். எண் மாறவில்லை. மறுபடியும் செய்தாள். ஐந்து தசம் இரண்டு. சாப்பிடவில்லை. கேட்டால் கத்தினாள். 19ஆம் திகதி ஞாயிறு, பூசை முடிந்து வந்து நான் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கேட்கக்கூடாத கேள்வி என்று தெரிந்தும் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லு. எங்கயாவது பிசகிப் போட்டியோ?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. என் கையில் இருந்த சாப்பாட்டுத் தட்டைப் பறித்து, வாளித் தண்ணீருக்குள் தட்டையாக வைத்து மேலும் கீழும் ஆட்டினாள்.

"பார். விளிம்பைப் பார். தண்ணி சுருளுது, தெரியுதோ? அந்தச் சுருள்தான் பிடி. கூர் விளிம்பு எண்டா பெரிசாச் சுருளும், பலமாப் பிடிக்கும். மொத்தமான, மழுங்கின விளிம்பு எண்டா தண்ணி வழுக்கிக்கொண்டு போயிடும். இது என்ர கணக்கில பிசகேல்லை. தட்டு கூர். நான் கையால தொட்டுப் பார்த்தனான்."

"எப்ப தொட்டனீ?"

"கொழும்புக்குப் போக முதல்."

என் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

"நான் சுத்தினனான்," என்றேன்.

"எதை?"

"தட்டை. விளிம்பை. மூண்டு அடுக்கு வலை."

வாளியை உதைத்தாள். "ஆரைக் கேட்டுச் சுத்தினனீ?"

"வின்சன்ட் அண்ணை சொன்னவர். உன்ர சேரும் சுத்தச் சொன்னவர். படமும் எடுத்தவர்."

"நான் செத்தே போனனான்? ஒரு கோல் எடுக்க ஏலாதோ? அஞ்சு கிழமையா ஒரு வார்த்தை சொல்லேல்லை நீ!"

"எடியே, நங்கூரம் சுத்தினா உனக்குச் சொல்லுறனானோ? இருவது வருசமாச் சுத்துறன். சுத்தாமல் விட்டிருந்தாத்தான் சொல்லியிருப்பன்!"

"நீ சுத்தினது என்ர எண்ணை. விளங்குதோ? என்ர எண்ணைச் சுத்தித் தைச்சுப் போட்டு இங்க இருந்து கோப்பை கழுவுறாய்."

நானும் சும்மா இருக்கவில்லை. முகாமில் அவளுடைய புத்தகத்தை மழையில் நனையாமல் என் மடியில் வைத்துக் காத்ததில் இருந்து எல்லாவற்றையும் சொல்லிக் காட்டினேன். ஐயா படலையைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். அன்றைக்கு நாங்கள் பேசியவற்றில் பாதியை இங்கே எழுத முடியாது.

அடுத்த நாள் அவள் தில்லைநாதன் சேரிடம் போய் விளிம்பைப் பற்றிச் சொன்னாள். கொஞ்ச வலைத் துணியால் எண் பாதியாகக் குறையாது, சாட்டுச் சொல்லாதீர் என்றாராம். "அப்ப கடலில பார்ப்பம். நீங்களே வந்து எண்ணுங்கோ," என்று இவள் சொல்லிவிட்டு வந்தாள். அவர் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் நியாயம் அல்ல. இவள் தோற்பதை நேரில் பார்க்க வேண்டும்.

பரிசோதனை எளிது. தண்டு உடைந்தால் என்ன, மிதவையும் குழாயும் தட்டும் முழுசாகத்தான் இருந்தன. அலை இல்லாத தண்ணீரில் பொறியை விட்டு, கயிற்றால் ஓரடி கீழே இழுத்துப் பிடித்து, சட்டென்று விட வேண்டும். அது மேலும் கீழும் ஆடி, ஆடி, நின்றுவிடும். எத்தனை தரம் ஆடுகிறது என்று எண்ண வேண்டும். தண்ணீர் இறுக்கிப் பிடித்தால் சீக்கிரம் நிற்கும். பிடி தளர்ந்திருந்தால் நிற்க நேரம் எடுக்கும்.

வாடை அடங்கி, மாசி 12 புதன்கிழமை காலை கடல் சமையலறைச் சீமெந்து மாதிரிக் கிடந்தது. நேவியிடம் கையெழுத்து வாங்கி, வின்சன்டின் இரண்டு படகில் போனோம். மூன்று பாகத் தண்ணீர், அதாவது பதினெட்டு அடி ஆழம். என்னையும் வரச் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை.

வின்சன்ட் அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. "ரெண்டு பொம்பிளையள் என்ர போட்டில. இனி மீன் இந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்காது."

"மீனுக்கு அவ்வளவு பயம் இருந்தா உங்கட முகத்தைக் கண்டே ஓடியிருக்கும், அண்ணை," என்றாள் டிலோஜினி.

முதலில் நான் சுற்றியபடியே இறக்கினார்கள். இழுத்து விட்டார்கள். தில்லைநாதன் சேர் மற்றப் படகில் நின்று சத்தமாக எண்ணினார். பதினொன்று. இரண்டாம் முறையும் பதினொன்று. மூன்றாம் முறை பத்து. ஒரு கொப்பியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு நாலு பேர் பொறியைத் தூக்கி, இரண்டு படகுக்கும் குறுக்கே போட்ட பலகையில் தட்டை வைத்தார்கள். டிலோஜினி ஒரு கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீ தைச்சது. நீயே வெட்டு."

"ஏன், அவங்கள் வெட்ட மாட்டாங்களோ?"

"அவங்கள் வெட்டினா விளிம்பில கீறல் விழும். உனக்குத்தான் எங்க வெட்டுறது எண்டு தெரியும். வெட்டு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பது நாள் உப்புத் தண்ணீருக்குள் கிடந்தும் ஒரு முடிச்சுக்கூடத் தளரவில்லை. நூற்றுப் பதின்மூன்றையும் ஒவ்வொன்றாக வெட்டினேன். அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. கடைசியில் வலையைச் சுருட்டி என் காலடியில் போட்டேன். அவள் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். நன்றி என்று ஒரு சொல் இல்லை.

திரும்ப இறக்கி, இழுத்து விட்டார்கள்.

"ஒண்டு," என்றார் தில்லைநாதன் சேர். "ரெண்டு. மூண்டு. நாலு." நாலாவது ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. "அஞ்சு."

மிதவை நின்றுவிட்டது.

"இன்னொருக்கா," என்றார்.

ஐந்து.

"கயிறு பிடிச்சிருக்கும். இன்னொருக்கா."

ஆறு தரம் செய்வித்தார். ஆறு தரமும் ஐந்து. ஏழாவது முறை கேட்டபோது வின்சன்ட் அண்ணை கயிற்றைக் கீழே போட்டார். "சேர், உங்களுக்கு அஞ்சுக்கு மேல எண்ண ஆசையெண்டா கரைக்குப் போய்க் கழுதையளை எண்ணுங்கோ. என்ர ஆக்களுக்குக் கை நோகுது." பிறகு டிலோஜினியைப் பார்த்து, "ஆனாப் பிள்ளை, சுத்தாமல் இதைக் கடலுக்க விட நான் விடமாட்டன். அதையும் எழுது," என்றார்.

"எழுதுவன்," என்றாள்.

அன்று பின்னேரம் கந்தோரில் தில்லைநாதன் சேர் தேத்தண்ணீர் வரவழைத்தாராம். பத்து மாதத்தில் முதல் தடவை. அறிக்கையை மாற்றுவோம் என்றார். மாற்றி எழுதியும் வைத்திருந்தார்: "உள்ளூர் மக்கள் அறியாமையால் தட்டின் விளிம்பை மாற்றியிருந்தனர். கணக்கில் பிழை இல்லை." அவளுக்கு வேண்டியது அதுதானே? எண்ணும் தப்பியது, பெயரும் தப்பியது. என் பெயரும் வெளியே வராது. வேறு யாராக இருந்தாலும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார்கள்.

இவள் அந்த வரியை வெட்டினாள். அவளே எழுதிக் கொடுத்தது இது: "விளிம்பில் மூன்று அடுக்கு நைலோன் வலை, கயிற்றோடு, அங்குலத்துக்கு ஒரு முடிச்சாகத் தைக்கப்பட்டிருந்தது. தைத்தவர் கீரியைச் சேர்ந்த மாக்கிறட். இது இக்கரையின் நடைமுறை. தலைமைப் பொறியியலாளர் இதற்கு ஒப்புதல் அளித்து, படமும் எடுத்துள்ளார். சுற்றாத விளிம்புக்கு இழுவை எண் 5.2. சுற்றிய விளிம்புக்கு 2.6. இக்கடலில் சுற்றாமல் விட முடியாது என்பதால், அடுத்த தட்டை இரண்டாவது எண்ணுக்கு ஏற்ப அகலமாக்க வேண்டும்."

"ஒப்புதல்" என்ற சொல்லை எடுக்கச் சொன்னார். மாட்டேன் என்றாள். படத்தைப் பற்றிய வரியையும் நீக்கச் சொன்னார். படத்தில் இருப்பது உங்களுடைய பெருவிரல்தானே என்று கேட்டாள். பதினாறு நாள் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார். மாசி 28ஆம் திகதி இரண்டும் ஒன்றாக வந்தன: கையெழுத்துப் போட்ட அறிக்கையும், அவளுடைய ஒப்பந்தம் நீட்டப்படாது என்ற கடிதமும்.

அறிக்கையின் அச்சுப் பிரதி வந்தபோது தவக்காலம் தொடங்கியிருந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில் என் பெயரை மட்டும் எனக்கு வாசிக்க முடிந்தது. மிச்சத்தை அவளிடம் சொல்லுவித்துக் கேட்டேன். என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை என் பெயர் அச்சில் வந்தது, அதுவும் ஒரு பொறி உடைந்த காரணத்தில். அங்கிருந்து தொடங்கியது அடுத்த சண்டை.

"சொந்த அக்காவின்ர பேரைப் போட உனக்கு எப்பிடியடி மனம் வந்தது? அந்த மனுசனே விட்டுப் போட்டுது. நீ விடேல்லை."

"அந்த மனுசன் 'அறியாமை' எண்டெல்லோ போட்டது. உனக்கு அது நல்லா இருக்கோ?"

"பேர் இல்லாமல் போட்டிருக்கலாம். 'ஆரோ ஒரு ஆள்' எண்டு."

"ஆரோ எண்டு போட்டா, அடுத்த தட்டுச் செய்யிறவன் எத்தினை அடுக்கு, எத்தினை முடிச்சு எண்டு ஆரிட்டக் கேக்கிறது? என்ர ரெண்டாவது எண் உன்ர தையலுக்கு மட்டும்தான் சரி. வேற ஆள் சுத்தினா அந்த எண் வராது."

அவள் சமாதானம் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. கணக்கில் தேவைப்பட்டபடியால் என் பெயரைப் போட்டாள், அவ்வளவுதான். உயிர்த்த ஞாயிறு வரை நான் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, ஐயாவிடம் சொல்லி அனுப்புவேன்.

அந்தச் சித்திரையில் வெளிநாட்டுக் குழு அவளுக்கே நேராக எழுதியது. அடுத்த தட்டின் கணக்கை அவளே செய்ய வேண்டும், கீரியில் இருந்தே செய்யலாம் என்று. கடிதத்தின் கடைசி வரியில் ஒரு கேள்வி இருந்தது. தட்டு நாலடி ஆனால் மாக்கிறட் என்பவர் எத்தனை முடிச்சுப் போடுவார்? அவள் அதை வாசித்துவிட்டு, என் முகத்தைப் பாராமல், பென்சிலோடு வாசலில் நின்றாள்.

"நூற்று ஐம்பத்தொண்டு," என்றேன். "எழுது."